விரல் தூக்க முதல்

ஹொல்ஸ்டெப்ரோ
04.06.2025

திரு. குகநேசன் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிப்பு கிடையாது. உம்முடைய நலத்தை உம்முடைய அக்கா அருமை காருக்குள் இருந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, தொலைபேசியில் விசாரிப்பது எனக்குத் தெரியும். அதை மட்டும் முதலில் சொல்லிவைக்கிறேன்.

வாட்ஸப்பில் எழுதியிருக்கலாம். எழுதினால் நீர் அதைப் படம் பிடித்து ஒருவருக்கு அனுப்ப, அவர் தன் மச்சாளுக்கு அனுப்ப, பொழுதுபடுவதற்குள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் என் தலை உருளும். அதனால்தான் கடிதம். எங்கள் தெருமுனைச் சிவப்புத் தபால் பெட்டியையும் இந்தக் கிழமை கழற்றிவிட்டார்கள். கடை வரைக்கும் நடந்துபோய்க் கொடுக்கிறேன். அந்த அளவுக்கு எனக்குக் கோபம் என்று விளங்கிக்கொள்ளும்.

நேற்று றொனிஷன் வீட்டுக்கு வந்தான். அவனுடைய தகப்பன் நம் அணியில் பந்து பிடித்ததை விட விட்டதுதான் அதிகம். மகன் இப்போது வைலேக்குப் பக்கத்தில் எடுக்கும் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் களத்தில் நிற்கிறானாம். இங்கிலாந்துக் கிராமமொன்றின் கிரிக்கெட் கிளப்பைப் பற்றிய தொடராம். கோழிக்கறியோடு புட்டைக் குழைத்துக்கொண்டே சொன்னான்:

"மாமா, கடைசிப் பகுதியில வாறது உங்கட கதை. கப்டனுக்குச் சொந்த மச்சானே அவுட் குடுக்கிற சீன். வாசிக்கேக்கையே எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சவை."

"ஆர் சொன்னது அவைக்கு?"

"குகன் மாமாதானே அங்க எல்லாருக்கும் கிறிக்கெற் சொல்லிக்குடுக்கிறவர்."

அருமை கையில் இருந்த அகப்பையோடு அப்படியே நின்றாள். நான் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழும்பிவிட்டேன்.

ஓகூஸில் நடந்த அந்த இறுதி ஆட்டம் எனக்கு மறக்கவில்லை, உமக்கும் மறந்திராது. வெல்வதற்கு இன்னும் இரண்டு நல்ல அடி போதும். நான் நின்றிருந்தால் அடித்திருப்பேன். பந்து துடுப்பைத் தாண்டிப் போனது. அவர்களுடைய விக்கெட் காப்பாளர் கத்தினான். எதிரணிக்காரன் கத்துவான், அது அவன் தொழில். நடுவராக நின்றது என் அணிக்காரன், என் மனைவியின் தம்பி. வெள்ளைக் கோட்டுக்குள் இருந்து கை வெளியே வந்தது. வேலியே பயிரை மேய்ந்தது. கிண்ணம் போனது, பிறகு அணி இரண்டாக உடைந்தது, பிறகு இல்லாமலே போனது. இத்தனை வருடம் நம் இரண்டு வீடும் கதைக்காமல் இருப்பது அந்தக் கையால்.

அதைத்தான் டென்மார்க் முழுக்கச் சிரிக்க விற்றிருக்கிறீர்.

செப்ரெம்பரில் மகள் நிலக்சிக்குக் கலியாணம். எங்கள் வீட்டு வழக்கப்படி அவளை மணவறைக்குக் கூட்டிவருவது தாய்மாமன். அழைப்பிதழில் அந்த இடத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன். அந்தத் தொடரில் நான் நொட் அவுட் என்று மாற்றச் சொல்லும். மாறினால் உம்முடைய பெயர் அங்கே வரும். மாறாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
சிவபாதம்


வைலே
13.06.2025

அன்புள்ள அத்தான்,

நீங்கள் 'திரு' போட்டு எழுதினாலும் வக்கீல் நோட்டீஸாக அனுப்பினாலும் எனக்கு நீங்கள் அத்தான்தான். அதை மாற்ற உங்களால் முடியாது.

அக்காவைக் குறை சொல்லாதீர்கள். வீட்டுக்குள் இருந்து கதைக்க விட்டிருந்தால் அவள் ஏன் காருக்குள் போகிறாள்?

நடந்ததைச் சொல்கிறேன். இயக்குநரின் பெயர் கிறிஸ்ரினா. தாய் டெனிஷ், தகப்பன் ஆங்கிலேயர். தகப்பனின் கிராமத்துக் கிளப்பில் வளர்ந்தவர். அதைத்தான் தொடராக எடுக்கிறார். இங்குள்ள ஒரு வெள்ளைத் தேவாலயத்துக்கு முன்னால் பொய் வேலி நட்டு இங்கிலாந்து ஆக்கியிருக்கிறார்கள். கதையில் பதினொரு பேர் சேராத ஒரு கிளப். இறைச்சிக்கடைக்காரர் பந்து வீசுவார், பாதிரியார் ஓட்டம் எண்ணுவார். தேநீர் இடைவேளைக்கு யார் சான்ட்விச் கொண்டுவருவது என்று பெண்களுக்குள் பனிப்போர். முதல் நாள் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை அத்தான். சான்ட்விச்சை எடுத்துவிட்டு மட்டன் ரோல்ஸை வைத்தால் அது நாம்தான். உருளைக்கிழங்கு கூடிப் போனது என்று அக்காவோடு மூன்று மாதம் கதைக்காமல் இருந்தவர்கள்கூட அதில் இருக்கிறார்கள்.

சாமான் கிட்டங்கி வேலை முடிந்து பின்னேரங்களில் போய், நடிகர்களுக்குத் துடுப்புப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். விளக்குமாறு பிடிப்பதுபோல் பிடிக்கிறார்கள். ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் கூடாரத்துக்குள். கிறிஸ்ரினா கேட்டார், இங்குள்ள சின்னக் கிளப்புகளில் நடுவர் எங்கே இருந்து வருகிறார் என்று. துடுப்பெடுத்தாடும் அணிதான் தன் ஆளையே நிறுத்த வேண்டும், ஆட்டமிழந்து வந்தவன் கோட்டை மாட்டிக்கொண்டு போவான் என்றேன். "அப்படியென்றால் எவனாவது தன்னுடைய ஆளுக்கே அவுட் கொடுப்பானா?" என்று கேட்டார்.

நான் சொல்லியிருக்கக்கூடாது. சொல்லிவிட்டேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை, ஊரைச் சொல்லவில்லை. சிரிப்பதற்காகவும் சொல்லவில்லை. இத்தனை வருடம் யாருமே என்னிடம் அதைக் கேட்கவில்லை அத்தான். நம் சனத்தில் எல்லோருக்கும் முடிவு தெரியும், ஒருவரும் கேட்கவில்லை. சொல்லி முடிக்க அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிப்பதுபோல் நின்றேன்.

நீங்கள் கேட்டபடி கேட்டுப் பார்த்தேன். நொட் அவுட் என்றால் கதையே இல்லை என்கிறார். உண்மையைச் சொன்னால், நானும் அரை மனதோடுதான் கேட்டேன். எனக்குச் சத்தம் கேட்டது அத்தான். பந்து துடுப்பில் பட்ட சத்தம். அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன்.

நீங்கள் சொன்னதும் எனக்கு மறக்கவில்லை. மைதான நடுவில், இரண்டு அணியும் பார்க்க, "அக்கான்ர சோத்தைத் திண்டு வளந்த நாய்" என்றீர்கள். தமிழ் தெரியாதவனுக்கும் அது விளங்கியது. நான் வைலேக்கு வந்தது வேலைக்காக இல்லை.

நிலக்சியை மணவறைக்குக் கூட்டிவருவது என்னுடைய உரிமை. ஒரு பந்தை வைத்து அதைப் பேரம் பேசாதீர்கள்.

அன்புடன்,
குகன்


ஹொல்ஸ்டெப்ரோ
24.06.2025

திரு. குகநேசன்,

உம்முடைய கடிதத்தை அருமை எனக்கு முதல் பிரித்து வாசித்துவிட்டாள். வாசித்தவள் அன்றைக்கே பெட்டியை அடுக்கிக்கொண்டு எஸ்பியர்க்கில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். "என்ர தம்பி நிக்காத பந்தலில நானும் நிக்கேல்லை. நீங்களும் உங்கட கப்புமாய் நிண்டு தாலியைக் கட்டி வையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். நிலக்சி என்னோடு டெனிஷில் மட்டும் கதைக்கிறாள், அதுவும் இரண்டு சொல். நான் முட்டையும் பாணும் சாப்பிடுகிறேன். உமக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறது. எஸ்பியர்க் தனுசனைக் கேட்டிருக்கிறேன். அருமைக்கு ஒன்றுவிட்ட தம்பி முறைதானே. அவனுக்கு வேட்டி நிற்காது. பரவாயில்லை, பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும்.

ஒன்றுதான் கேட்க வேண்டும். சத்தம் கேட்டது என்று எழுதியிருக்கிறீர். எப்படிப்பட்ட சத்தம்? துடுப்பு காலணியில் தட்டினாலும் சத்தம் வரும். ஆடுகளத்தில் விரித்த பாயில் உரசினாலும் வரும். நீர் நின்றது தூரத்தில். அன்றைக்குக் காற்று வேறு. எதை வைத்துக்கொண்டு அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்?

பதில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை.

சிவபாதம்


வைலே
02.07.2025

அன்புள்ள அத்தான்,

கட்டாயம் இல்லை என்று எழுதியவர் கடிதம் வந்துவிட்டதா என்று றொனிஷனிடம் ஏன் கேட்டீர்கள்? அவன் என்னிடம் சொல்லிவிட்டான்.

சத்தத்தைச் சொல்கிறேன். நனைந்த தீப்பெட்டியில் குச்சியை உரசினால் பற்றாமல் ஒரு சத்தம் வருமே, அது. காலணியில் தட்டினால் மொத்தமாகக் கேட்கும். பாயில் உரசினால் இழுபட்டுக் கேட்கும். இது மெல்லிசு. வந்தது தெரியும் முன் போய்விட்டது.

கேட்கவில்லை என்று நடித்திருக்கலாம். நீங்கள் சொன்னதுபோல் காற்று இருந்தது, ஒருவரும் என்னைப் பிழை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் நினைவு வந்தது. உங்கள் வீட்டில்தான் இருக்கிறேன், உங்கள் காரில்தான் வந்தேன், போட்டிருந்த கோட்டே அக்கா வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இருந்து கொண்டுவந்தது. விக்கெட் காப்பாளர் பெடியன் கத்திவிட்டு என்னைப் பார்க்கவேயில்லை. திரும்பிப் போய்க்கொண்டிருந்தான். கேட்டுப் பயனில்லை என்று அவனுக்குத் தெரியும். 'தமிழர் தங்கட ஆளுக்கு அவுட் குடுக்க மாட்டினம்' என்று மற்ற அணிகள் நம் முகத்துக்கு நேரே சொன்ன காலம் அது.

அதைக் கேட்டு அதிகம் கொதித்தவர் யார்? அன்று காலை உடுப்பு மாற்றும் அறையில் நீங்கள் எல்லோரையும் இருத்தி வைத்துச் சொன்னீர்கள்: "இண்டைக்கு அம்பயருக்கு நிக்கிறவன் ஆரெண்டாலும் கேளுங்கோ. பட்டால் குடு. என்ர ஆள், உன்ர ஆளெண்டு பாராதை. நானெண்டாலும் குடு."

நானெண்டாலும் குடு. அப்படிச் சொன்னது நீங்கள்தான் அத்தான். அணித்தலைவர் சொன்னதைக் கேட்ட ஒரே ஆள் நான். அதற்குக் கிடைத்த பெயர் நாய்.

இதை இத்தோடு விடுகிறேன். வேறு ஒரு விஷயம் இருக்கிறது. அணித்தலைவராக நடிப்பவர் பயிற்சியில் கைவிரலை முறித்துக்கொண்டார். அவருக்கு முன்பும் அடிக்கத் தெரியாது, இப்போது பிடிக்கவும் முடியாது. அந்தக் கடைசிக் காட்சிக்கு முதுகுப் பக்கமாகக் காட்ட ஓர் ஆள் வேண்டும். இடக்கையால் ஆடுபவராக, வயதும் உடம்பும் ஒத்தவராக. கிறிஸ்ரினா டென்மார்க் முழுக்கத் தேடுகிறார். றொனிஷன் தன் கைத்தொலைபேசியில் இருந்த பழைய வீடியோவைக் காட்டிவிட்டான். குந்தியிருந்து எழும்புவதுபோல் நீங்கள் நிற்கும் அந்த நிலையைப் பார்த்து, "இவர்தான், இவர்தான்" என்று துள்ளுகிறார்.

நடுவரையும் முதுகுப் பக்கம்தான் எடுக்கிறார்கள். அது நான்.

நீங்களே வந்து கிறிஸ்ரினாவோடு கதைத்துப் பாருங்கள். நான் சொல்லி மாறாதது நீங்கள் சொல்லி மாறலாம்.

அன்புடன்,
குகன்


ஹொல்ஸ்டெப்ரோ
14.07.2025

குகநேசன்,

உடுப்பு மாற்றும் அறையில் நான் சொன்னதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை.

அந்தப் பெண்ணோடு தொலைபேசியில் கதைத்தேன். டெனிஷ் நன்றாகத்தான் கதைக்கிறார். நடுவர் விரல் தூக்கினாலும் எடுப்பார்களாம், தூக்காவிட்டாலும் எடுப்பார்களாம், எது நன்றாக வருகிறதோ அதைப் போடுவார்களாம். மெய்யான பந்து, மெய்யான வேகம், பொய் கிடையாது என்றார். பந்து வீசுவது றொனிஷன்தானாம். சம்மதித்துவிட்டேன். ஓகஸ்ட் முதல் கிழமை.

கராஜில் இருந்து துடுப்பைத் தேடி எடுத்தேன். கால்கவசத்தின் வார் எட்டவில்லை, எனக்குக் கால் பருத்துவிட்டது. புல்வெட்டும் நேரத்தில் தோட்டத்தில் நின்று ஆடிப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டு டெனிஷ்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, எனக்குச் சுகமில்லையா என்று நிலக்சியிடம் கேட்டாராம்.

நான் சொல்வதை நன்றாகக் கேளும். அன்றைக்கு உம்முடைய கை கோட்டுக்குள் இருக்க வேண்டும். பந்து என்ன செய்தாலும் சரி. அதை எடுத்துக் காட்டட்டும், சனம் பார்க்கட்டும், நான் நின்றுகொண்டிருப்பதை அருமையும் பார்க்கட்டும். அவ்வளவும் எனக்குக் காணும். அழைப்பிதழை இன்னும் அச்சுக்கு விடவில்லை. தனுசனிடம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

கை வெளியே வந்தால் கலியாண வீட்டுப் பக்கம் தலை காட்ட வேண்டாம். அதற்குப் பிறகு உமக்கு ஒரு அக்காவும் இல்லை, ஒரு மருமகளும் இல்லை.

சிவபாதம்


வைலே
19.07.2025

அத்தான்,

இந்தக் கடிதத்தை நான்கு தரம் எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றிலும் சரி என்றுதான் எழுதினேன்.

எனக்கு நிலக்சியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் சின்னதில் என் தோளில் இருந்துதான் நம் ஆட்டங்களைப் பார்த்தவள். நேற்று தொலைபேசியில், "மாமா, நீங்கள் பேசாமல் ஓம் எண்டு சொல்லுங்கோவன். அது டிவிதானே" என்று அழுதாள். அவள் தமிழில் அழுததை நான் இப்போதுதான் கேட்டேன்.

ஆனாலும் முடியவில்லை அத்தான். கை உள்ளே இருக்கும் என்று நான் இன்றைக்கு எழுதித் தந்தால், ஓகூஸிலும் அப்படி எழுதித் தந்திருக்கலாம். அப்போது நான் வாங்கிய பெயருக்கும் ஒரு அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

பட்டால் தூக்குவேன். படாவிட்டால் கிறிஸ்ரினா காலில் விழுந்தாலும் தூக்க மாட்டேன். இவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

அச்சுக்கு விடுவதென்றால் விடுங்கள்.

குகன்


வைலே
07.08.2025

அன்புள்ள அத்தான்,

நேற்று நீங்கள் யாரோடும் கதைக்காமல், கால்கவசத்தைக்கூடக் கழற்றாமல் காரில் ஏறிப் போய்விட்டீர்கள். நான் கூப்பிட்டது கேட்கவில்லையா, கேட்காததுபோல் போனீர்களா தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் வந்து நின்றீர்கள். அதே குந்தல், அதே இரண்டு தரம் தட்டல். என்னை நீங்கள் பார்க்கவில்லை, நானும் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பொய் வேலிக்குப் பக்கத்தில் அக்கா நிற்பதை அப்போதுதான் கண்டேன். எஸ்பியர்க்கில் இருந்து வந்திருக்கிறாள் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள்.

றொனிஷன் ஓடி வந்தான். அவன் வீசிய பந்து விக்கெட்டுக்கு வெளியே போனது. நீங்கள் துடுப்பைக் கொண்டுபோனீர்கள். விக்கெட் காப்பாளராக நிற்கிறவன் கத்தினான், கத்தச் சொல்லிச் சொல்லி வைத்திருந்தார்கள்.

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை அத்தான். அந்த மைதானத்தில் அவ்வளவு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள், காற்றும் இல்லை. பந்துக்கும் துடுப்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. அது அவுட் இல்லை. என் கை கோட்டுப் பைக்குள்தான் இருந்தது, அங்கேயேதான் இருந்திருக்கும். நீங்கள் கேட்டது உங்களுக்குக் கிடைக்கப்போனது. எனக்கும் நிலக்சி கிடைக்கப்போனாள். எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? கண் கலங்கிவிட்டது.

அப்போது பார்த்தால் நீங்கள் நடக்கிறீர்கள்.

துடுப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டு, அவுட்டானவர்போல் தலையைக் குனிந்தபடி நடக்கிறீர்கள். நான் ஒன்றும் செய்யவில்லை. விரலும் தூக்கவில்லை, தலையும் ஆட்டவில்லை. கிறிஸ்ரினா கட் சொல்ல மறந்து நின்றார். நான்தான், "அத்தான், நொட் அவுட்! நில்லுங்கோ, நொட் அவுட்!" என்று தமிழில் கத்தினேன். கமராவில் அதுவும் பதிவாகியிருக்கிறதாம். நீங்கள் நிற்கவில்லை.

அங்கிருந்த ஆங்கில நடிகர்கள் கை தட்டினார்கள். நல்ல நடிப்பு என்று நினைத்தார்கள்.

நீங்கள் நடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்தப் பந்து உங்கள் துடுப்பில் படவேயில்லை. எந்தப் பந்துக்கு நடந்தீர்கள் அத்தான்?

குகன்


ஹொல்ஸ்டெப்ரோ
15.08.2025

குகன்,

எந்தப் பந்துக்கு நடந்தேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு என்னைக் கேளாதே.

அருமை வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றைக்கு என்னோடுதான் காரில் ஏறினாள். பாதி வழியில் மெதுவாகக் கேட்டாள்: "தம்பி கை தூக்கவே இல்லை. அவனைத் திரும்பிக்கூடப் பாக்காமல் ஏன் நடந்தனீங்கள்?"

"அம்பயரைப் பாக்க வேண்டிய தேவை இருக்கேல்லை" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் அழுதாள். நான் வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

அழைப்பிதழ் ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன். தாய்மாமன் என்ற இடத்தில் உன் பெயரைப் பார். அந்தச் சொல்லை நான் உன்னைப் பார்த்துச் சொன்னது ஓகூஸில், எல்லோருக்கும் முன்னால். அதைத் திரும்ப எடுப்பதும் எல்லோருக்கும் முன்னால்தான் இருக்க வேண்டும். மணவறைக்கு நீ அவளைக் கூட்டிக்கொண்டு வரும்போது நான் எழும்பி நிற்பேன். தகப்பன் எழும்புவது வழக்கமில்லை என்று ஐயர் சொல்லியிருக்கிறார். சொல்லட்டும்.

தனுசனுக்குப் பெரிய நிம்மதி. வேட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான், உனக்கு அது இடுப்பில் நிற்கும். முதல் நாளே வந்துவிடு. அக்கா இப்போதே ரோல்ஸுக்கு உருளைக்கிழங்கு அவிக்கத் தொடங்கிவிட்டாள்.

அத்தான்